கலங்கல் போனது, கரிப்பு போனதா?

வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யல், கோவைப் பகுதிக் குளங்களுக்கு நீர் கொடுத்துவிட்டு சூலூர், மங்கலம் வழியாகத் திருப்பூருக்குள் நுழைகிறது. காஞ்சிமாநதி என்பது இதன் பழைய பெயர். மழைக்கால வெள்ளம் வடிந்த பிறகு திருப்பூர்ப் பாலங்களில் நின்று பார்த்தால், அகன்ற படுகையின் நடுவே கறுத்த ஓடை ஒன்று மட்டும் ஓடும். அதில் பெரும்பங்கு ஊர்ச் சாக்கடை. அங்கிருந்து கிழக்கே போனால் ஊத்துக்குளி, சென்னிமலைப் பக்கத்துக் காடுகள், ஒரத்துப்பாளையம் அணை, கரூர் மாவட்டத்து வாய்க்கால்கள். கடைசியில் நொய்யல் என்ற பெயர் கொண்ட ஊரருகே ஆறு காவிரியில் சேர்கிறது.

இந்த ஆற்றோரத்து விவசாயிகளின் இருபது, முப்பது ஆண்டுக் கஷ்டத்துக்கும் ஒரு தொழிற்சாலைக் கருவிக்கும் தொடர்பு உண்டு. ஆலைக் கழிவுநீரில் மிதக்கும் திடப்பொருளை அடியில் படியவைத்துத் தெளிந்த நீரைப் பிரிக்கும் வட்டத் தொட்டி அது. ஆலைக்காரர்கள் 'கிளாரிஃபயர்' என்பார்கள். அது எதைப் பிடிக்கும், எதை விட்டுவிடும், பிடித்ததை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை இந்தப் பாதையிலேயே கிடைக்கிறது. சாயக்கழிவு, தோல் கழிவு, காகித ஆலைக் கழிவு என்று எந்த ஆலையின் பக்கத்தில் நிலம் வைத்திருப்பவருக்கும் இந்த விடைகள் பொருந்தும்.

வட்டத் தொட்டியின் வேலை

திருப்பூரைச் சுற்றி அருள்புரம், வீரபாண்டி, அங்கேரிபாளையம் போன்ற இடங்களில் பொது சுத்திகரிப்பு நிலையங்கள் இருக்கின்றன. மொத்தம் 18. பல சாயப்பட்டறைகளின் கழிவுநீர் குழாய் வழியாக ஒரே நிலையத்துக்கு வந்து சேரும். பெரிய பட்டறைகள் சில தங்கள் வளாகத்திலேயே தனி நிலையம் வைத்துள்ளன.

வந்த நீரில் முதலில் நூல், பஞ்சு, துணித் துண்டுகளைச் சல்லடை பிடிக்கும். அடுத்து பெரிய தொட்டி ஒன்றில் எல்லாப் பட்டறைகளின் நீரும் கலந்து சமனாகும். ஒரு பட்டறை சிவப்பு, இன்னொன்று நீலம், ஒன்று காரம், ஒன்று அமிலம் என்று வருவதை அப்படியே அடுத்த கட்டத்துக்கு அனுப்பினால் எந்தக் கருவியும் சீராக ஓடாது. அதன் பிறகு காற்றூட்டி நுண்ணுயிர்களைக் கொண்டு சிதைப்பதும், தேவைப்பட்டால் மருந்து சேர்ப்பதும் நடக்கும். அடுத்தது கிளாரிஃபயர்.

தொட்டியின் நடுவே நீர் மெதுவாக இறங்கும். அங்கிருந்து விளிம்பை நோக்கி நகர்கையில் வேகம் குறைந்து, கனமானவை அடியில் படியும். தெளிந்த நீர் விளிம்பில் உள்ள பல் பல்லான தகட்டின் மேல் வழிந்து வாய்க்காலில் விழும். தொட்டியின் மேலே ஒரு பாலம் மிக மெதுவாகச் சுற்றும். அதன் கீழே தொங்கும் ஸ்கிரேப்பர் தகடுகள் அடியில் படிந்த சேற்றை நடுக்குழிக்கு இழுத்துச் சேர்க்க, அங்கிருந்து பம்பு உறிஞ்சி எடுக்கும். நீர் வருவதும் சேறு போவதும் நிற்காமல் நடக்கும்.

நிற்காமல் ஓடும் இந்த வகைத் தொட்டிக்கு வழி காட்டியவர் ஜான் டார் என்ற அமெரிக்கப் பொறியாளர். 1900-களின் தொடக்கத்தில் தெற்கு டகோட்டாவின் தங்கத் தாது ஆலைகளில் அரைத்த தாதுக் கூழைக் கெட்டியாக்க அவர் அமைத்த தொட்டிதான், பிறகு சர்க்கரை ஆலை முதல் சாக்கடைச் சுத்திகரிப்பு வரை பரவியது.

மருந்து எதற்கு?

சாயக்கழிவில் உள்ள துகள்கள் மிகப் பொடியானவை. தானாகப் படிய விட்டால் நாள்கணக்கில் மிதக்கும். துகளின் விட்டம் பாதியானால் அது படியும் வேகம் கால் பங்காகிவிடும் என்பது 1851-இல் ஸ்டோக்ஸ் என்ற அறிஞர் கண்ட கணக்கு. ஆகவே பொடித் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துப் பெரிய திரளாக்க வேண்டும்.

நம் வீடுகளில் கலங்கிய குடத்து நீரைத் தெளியவைக்கத் தேற்றாங்கொட்டையை இழைத்துவிட்டது இதே வேலைதான். திருப்பூரில் பொது நிலையங்கள் வந்த காலத்தில் சுண்ணாம்பும் இரும்பு சல்பேட்டும் போட்டார்கள். கூடவே பாலி எலக்ட்ரோலைட் என்ற ஒட்டும் மருந்தைக் கொஞ்சமாகக் கலப்பார்கள். துகள்கள் திரண்டு, தயிர் திரிந்ததுபோல் கட்டி கட்டியாகக் கீழே இறங்கும். ஆனால் போட்ட சுண்ணாம்பும் இரும்பும் சேற்றோடுதான் சேரும். மருந்து கூடக் கூட அள்ள வேண்டிய சேறும் கூடும். நிலையங்களின் வளாகத்தில் சேறு மலைபோல் குவிந்ததற்கு இதுவே முதல் காரணம். இதனால்தான் நுண்ணுயிர் வழிக்கு நிலையங்கள் மாறின.

ஆழம் முக்கியமா, பரப்பு முக்கியமா?

தொட்டி ஆழமாக இருந்தால் நன்றாகத் தெளியும் என்று தோன்றும். உண்மையில் கணக்கைத் தீர்மானிப்பது மேற்பரப்பு. 20 மீட்டர் விட்டமுள்ள தொட்டிக்குப் பரப்பு சுமார் 314 சதுர மீட்டர். அதில் மணிக்கு 314 கன மீட்டர் நீர் விட்டால், நீர் மணிக்கு 1 மீட்டர் வேகத்தில் மேலே ஏறுகிறது என்று பொருள். மணிக்கு 1 மீட்டருக்கு மேல் இறங்கும் திரள் அடியில் சேரும். அதைவிட மெதுவாக இறங்குவதில் ஒரு பகுதி வழிந்து வெளியே போகும். அதே தொட்டியில் இரண்டு மடங்கு நீரை விட்டால், எவ்வளவு ஆழம் இருந்தாலும் கலங்கல் வெளியே வரும்.

இட நெருக்கடி உள்ள ஆலைகளில் சாய்வான தகடுகளை அல்லது குழாய்களைத் தொட்டிக்குள் அடுக்கிவிடுவார்கள். 55 முதல் 60 டிகிரி சாய்வில் வைத்தால் சேறு தானே வழுக்கி விழும். ஒவ்வொரு தகடும் தனிப் பரப்பாகக் கணக்கில் சேர்வதால், சிறிய தொட்டியே பெரிய தொட்டியின் வேலையைச் செய்யும்.

பக்கத்து ஆலையின் கழிவுநீர் பகலில் தெளிவாகவும் இரவில் கலங்கலாகவும் வந்தால், இந்தக் கணக்கை நினைவில் கொள்ளலாம். இரவில் தொட்டியின் கொள்ளளவுக்கு மேல் நீர் ஓடலாம், ஸ்கிரேப்பர் பழுதாகியிருக்கலாம், அல்லது சேறு எடுக்காமல் தொட்டி நிறைந்திருக்கலாம். புகார் கொடுக்கும்போது நாளும் நேரமும் குறித்துக் கொடுத்தால் அதிகாரிகள் காரணத்தைத் தேடுவது எளிது.

சேற்றைப் பிழிவது

கிளாரிஃபயரின் அடியிலிருந்து வரும் சேறு பார்ப்பதற்குத்தான் சேறு. 100 லிட்டரில் திடப்பொருள் 1 கிலோ அளவுக்கே இருக்கும், மீதி நீர். அதை லாரியில் ஏற்றினால் நீரைத்தான் சுமக்க வேண்டும். ஆகவே 'திக்னர்' என்ற இன்னொரு தொட்டியில் கெட்டியாக்கி, பிறகு ஃபில்டர் பிரஸ்ஸில் பிழிவார்கள். துணி போர்த்திய தகடுகள் வரிசையாக நெருக்கி நிற்கும். இடையில் சேற்றை அழுத்தத்தோடு பம்பு செய்தால் நீர் துணி வழியே கசிந்துவிடும். தகடுகளை விலக்கினால் பாளம் பாளமாகக் கெட்டி விழும். எள் புண்ணாக்கு எடுப்பது போன்ற வேலைதான். திடப்பொருள் 25 சதவீதம் ஆகும்வரை பிழிந்தால், 100 லிட்டர் சேறு 4 கிலோ பாளமாகச் சுருங்கும்.

பிரஸ் இல்லாத சிறு ஆலைகளில் மணலும் ஜல்லியும் பரப்பிய உலர்களத்தில் சேற்றைக் கொட்டி வெயிலில் காயவைப்பார்கள். செலவு குறைவு. ஆனால் மழை பெய்தால் காய்ந்தது மறுபடி கரையும். களத்துக்கு அடியில் கசிவு தடுப்பு இல்லையென்றால் வடிநீர் பக்கத்துக் கிணற்றைத் தேடிப் போகும். ஆலையோரத்தில் நிலம் உள்ளவர்கள் முதலில் கவனிக்க வேண்டிய இடம் இந்தக் களம்.

சர்க்கரை ஆலையில் உரம், சாய ஆலையில் நஞ்சு

சத்தியமங்கலம், அப்பக்கூடல் பக்கத்துச் சர்க்கரை ஆலைகளுக்குக் கரும்பு அனுப்பும் விவசாயிகளுக்கு 'பிரஸ் மட்' புதிதல்ல. அதுவும் இதே கருவிகளில் பிறப்பதுதான். கரும்புச் சாற்றில் சுண்ணாம்பும் கந்தகப் புகையும் சேர்த்துச் சூடாக்கி, மூடிய கிளாரிஃபயரில் விடுவார்கள். அழுக்கு அடியில் படியும். தெளிந்த சாறு மேலே வழியும். படிந்ததைச் சுற்றும் வடிகட்டி உருளையில் உறிஞ்சி எடுத்தால் கிடைப்பது பிரஸ் மட். அரைத்த கரும்பில் 3 முதல் 4 சதவீதம் அளவுக்குக் கிடைக்கும். சித்தோடு, கவுந்தப்பாடிப் பக்கம் வெல்லம் காய்ச்சுவோர் கொப்பரையில் வெண்டைச் சாறு விட்டு அழுக்கைத் திரட்டுவதும் இதன் உறவுதான். அங்கே அழுக்கு மேலே மிதந்து வரும், கரண்டியால் வழிப்பார்கள். ஆலையில் அது கீழே படிகிறது.

பிரஸ் மட்டில் கரிமப் பொருளும் மணிச்சத்தும் சுண்ணாம்பும் உண்டு. இரண்டு, மூன்று மாதம் மக்கவைத்துப் போட்டால் நல்ல எரு. மக்காமல் போட்டால் வயலில் சூடேறிப் பயிரைக் கெடுக்கும்.

இதைக் கண்டு பழகியவர்களிடம் சாய ஆலைச் சேற்றையும் 'மக்கின எரு', 'சுண்ணாம்புச் சத்து' என்று தள்ளிவிடப் பார்ப்பவர்கள் உண்டு. நிறமும் பதமும் ஒத்திருக்கலாம். உள்ளே இருப்பது வேறு. இரும்பு, சுண்ணாம்பு, சாயப் பிசிறு ஆகியவற்றோடு, சில சாயங்களில் உள்ள தாமிரம், குரோமியம் போன்ற உலோகங்களும் அதில் தங்கும். பிழிந்த பாளத்திலும் பாதிக்கு மேல் ஈரம்; அந்த ஈரம் முழுவதும் உப்புநீர். அபாயகரக் கழிவு விதிகளின்படி ஜவுளி ஆலைகளின் ரசாயனச் சேறு தனியாகச் சேமித்து, கணக்கு எழுதி, அங்கீகரிக்கப்பட்ட இடத்துக்கே அனுப்ப வேண்டியது. சிமெண்ட் ஆலைச் சூளையில் எரிபொருளோடும் மூலப்பொருளோடும் சேர்த்து எரிப்பது இப்போது நடைமுறையில் உள்ள வழி. மற்றொரு வழி, அடியிலும் மேலும் கசிவு தடுத்த பாதுகாப்புக் குழியில் புதைப்பது. வயல், வாய்க்கால் கரை, தென்னந்தோப்பு, செங்கல் சூளைப் பள்ளம் எதுவும் அதற்கான இடம் கிடையாது.

எந்தத் தொட்டியிலும் படியாத உப்பு

இத்தனை கருவிகள் ஓடியும் நொய்யல் ஏன் கெட்டது? படியக்கூடியதை மட்டுமே கிளாரிஃபயர் பிரிக்கும். கரைந்துபோன உப்பு எத்தனை நாள் வைத்தாலும் படியாது.

பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் ஏறச் சாயக் குளியலில் உப்பு வேண்டும். சாப்பாட்டு உப்பு அல்லது சோடியம் சல்பேட் போடுவார்கள். ஒரு கிலோ துணிக்கு 8 லிட்டர் குளியல், லிட்டருக்கு 60 கிராம் உப்பு என்று வைத்துக்கொண்டால், கிலோவுக்கு 480 கிராம். துணியின் எடையில் பாதி உப்பு! சாயத்தில் பெரும்பகுதி நூலில் பிடிக்கும். உப்பு அப்படியில்லை, தன் வேலையை முடித்துவிட்டு முழுவதும் கழிவுநீரில் வந்துவிடும். கிளாரிஃபயரைத் தாண்டும்போது நீர் கண்ணுக்குத் தெளிவாக இருக்கும். நாக்கில் வைத்தால் கரிக்கும். "கலங்கல் போயிடுச்சுங்க, கரிப்புதான் போகலைங்க" என்று ஆற்றோரத்தில் சொல்வார்கள். ஆய்வகம் நடத்திப் பார்த்தாலும் அதே முடிவுதான் வரும்.

ஆற்றில் விடும் ஆலைக் கழிவுநீருக்கான பொது வரையறையில் மிதக்கும் திடப்பொருள் லிட்டருக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. தமிழகத்தில் கரைந்த திடப்பொருளுக்கான வரம்பு 2,100 மில்லிகிராம். முதல் எண்ணை நல்ல கிளாரிஃபயர் எட்டிவிடும். இரண்டாவது எண்ணுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

விவசாயக் கணக்கில் இந்த 2,100 எவ்வளவு? ஒரு ஏக்கருக்கு ஒரு அங்குலம் நீர் பாய்ச்ச ஒரு லட்சம் லிட்டருக்குக் கொஞ்சம் மேல் வேண்டும். 2,100 மில்லிகிராம் உள்ள நீரென்றால் அந்த ஒரு பாய்ச்சலில் சுமார் 215 கிலோ உப்பு நிலத்தில் இறங்கும். இரண்டு அங்குலமாகப் பத்து முறை பாய்ச்சினால் 4 டன்னுக்கு மேல். நீர் ஆவியாகிப் போகும், உப்பு நிலத்தில் நிற்கும். வரம்புக்கு உட்பட்ட நீரிலேயே இந்த நிலை.

ஒரத்துப்பாளையம்: ஸ்கிரேப்பர் இல்லாத தொட்டி

ஒரத்துப்பாளையம் அணைக்குப் போகும் வழி மேட்டுக்காடுகள் நிறைந்தது. வெள்வேல் மரமும் பனையும் கிளுவை வேலியும் பார்க்கலாம். அணைக்கு அருகேதான் கொடுமணல். இரும்பு உருக்கிய உலைகளும் கல்மணி செய்த பட்டறைகளும் அகழாய்வில் வெளிப்பட்ட, இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய தொழில் ஊர். நொய்யல் கரையில் தொழில் நடப்பது புதிதல்ல என்பதற்கு அந்த மண்ணே சாட்சி.

அணை 1992-இல் கட்டி முடிக்கப்பட்டது. அன்றைய ஈரோடு, கரூர் பகுதிகளில் சுமார் 10,000 ஏக்கருக்குப் பாசனம் தருவது நோக்கம். அப்போது திருப்பூரில் பனியன் ஏற்றுமதி வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது. சாயக்கழிவு ஆற்றில் இறங்கி அணையில் தேங்கியது. வேகமாக வந்த நீர் அகன்ற இடத்தில் நின்று, கலங்கல் அடியில் படிந்தது. கிளாரிஃபயரில் நடப்பதெல்லாம் இங்கும் நடந்தது. சேற்றை அள்ள ஸ்கிரேப்பர் மட்டும் இல்லை. மேலே தெளிந்து தெரிந்த நீரோ உப்புநீர். வெயிலில் நீர் வற்ற வற்ற உப்பு இன்னும் அடர்ந்தது. சுற்றியுள்ள கிணறுகளிலும் அது ஊறியது. பாசனத்துக்காகத் தேக்கிய நீரைப் பாசனத்துக்கு விட முடியாத நிலை வந்தது.

கரூர் வட்டப் பாசன விவசாயிகள் 1996-இல் உயர் நீதிமன்றம் சென்றார்கள். பிறகு நொய்யல் ஆயக்கட்டுதாரர்களின் சங்கமும் வழக்குத் தொடுத்தது. சூழல் இழப்பீட்டு ஆணையம், 2002 ஆகஸ்ட் முதல் 2004 டிசம்பர் வரையிலான பாதிப்புக்கு 68 கிராமங்களைச் சேர்ந்த 28,596 விவசாயிகளுக்குச் சுமார் 24.8 கோடி ரூபாய் இழப்பீடு கணக்கிட்டது. 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், வெளியேற்றும் கழிவுநீருக்கு லிட்டருக்கு 6 பைசாவில் தொடங்கி ஏறிக்கொண்டே போகும் அபராதம் விதித்தது. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் கழிவுநீரே வெளியேறாத நிலையை எட்ட வேண்டும் என்பதை உறுதிப்படுத்தியது. அதன் பிறகும் நிலை மாறாததால், 2011 ஜனவரி 28 அன்று திருப்பூர்ச் சாயப்பட்டறைகளையும் பொது நிலையங்களையும் மூட உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

பட்டறைத் தொழிலாளர் பல்லாயிரம் பேர் வேலையின்றி நின்றார்கள். தொழிலும் வேண்டும், ஆறும் வேண்டும் என்ற இரண்டு நியாயங்கள் அன்று நேருக்கு நேர் நின்றன. தீர்ப்பு வாங்கிய விவசாயிகளின் வீட்டுப் பிள்ளைகளே பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது.

கிளாரிஃபயருக்குப் பின்னால் வந்தவை

மீண்டும் திறக்கப்பட்ட நிலையங்களில் கிளாரிஃபயருக்குப் பின்னால் ஒரு நீண்ட வரிசை சேர்ந்திருக்கிறது. தெளிந்த நீர் நுண்வடிகட்டிகளைத் தாண்டி ஆர்.ஓ. சவ்வுகளுக்குள் அழுத்தத்தோடு போகும். நல்ல நீர் ஒரு பக்கம் பிரிந்து மீண்டும் சாயப்பட்டறைக்கே திரும்பும். மறுபக்கம் மிஞ்சும் அடர்ந்த உப்புநீரை எவாப்பரேட்டரில் கொதிக்கவைத்து நீரை ஆவியாக்குவார்கள். கடைசியில் உப்பு படிகமாக விழும். சோடியம் சல்பேட்டையும் உப்புக் கரைசலையும் சாயக் குளியலுக்கே திரும்ப எடுத்துக்கொள்வது, வாங்கும் உப்பையும் குறைக்கிறது. பயன்படுத்த முடியாத கலப்பு உப்பு மூட்டையாகக் கொட்டகையில் சேரும்.

இந்த வரிசையில் முதலில் நிற்கும் கிளாரிஃபயர் சரியாக ஓடாவிட்டால் பின்னால் உள்ள எதுவும் தாங்காது. கலங்கல் தப்பி வந்தால் ஆர்.ஓ. சவ்வு அடைபடும், நிலையம் நிற்கும், கழிவுநீர் தேங்கும். தேங்கியதை இரவோடு இரவாக ஓடையில் திறந்துவிடும் ஆசை அப்போதுதான் வரும். இந்த இயந்திரங்களுக்கு மின்சாரச் செலவும் அதிகம். எனவே ஆற்றோரக் கிராமங்களின் கண்காணிப்பு 2011-ஓடு முடிந்துவிடவில்லை. மழை நாளில் ஓடை நிறம் மாறினால், நுரை வந்தால், உடனே மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்குத் தெரிவிப்பது நல்லது. ஒரு பாட்டிலில் நீர் பிடித்து, நேரம் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

நீதிமன்ற வழக்குகளின் காலத்திலிருந்தே ஒரத்துப்பாளையத்தில் நீர் தேக்காமல் மதகைத் திறந்து வைப்பது வழக்கமாகிவிட்டது. வெள்ளம் வந்தால் வந்த வேகத்தில் கீழே போகும். சின்னமுத்தூர்த் தடுப்பணை வழியாக ஆத்துப்பாளையம் அணைக்குப் போகும் நீரையும் கரூர் விவசாயிகள் உப்பின் அளவைக் கேட்டுத்தான் வாங்குகிறார்கள்.

கெட்ட நிலத்தில் என்ன செய்யலாம்?

ஆற்றோரக் கிணறுகள் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. நல்ல மழைக்குப் பிறகு தேறியவையும் உண்டு, இன்னும் கரிப்பவையும் உண்டு. ஆகவே முதல் வேலை பரிசோதனை. மோட்டாரை அரை மணி நேரம் ஓடவிட்டு, அதே நீரில் பாட்டிலை அலசி, ஒரு லிட்டர் பிடித்து, தாமதமின்றி மாவட்ட மண் பரிசோதனை நிலையத்தில் கொடுக்க வேண்டும். கோடையில் ஒரு முறை, வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் ஒரு முறை பார்த்தால்தான் நிலவரம் புரியும்.

அறிக்கையில் மின்கடத்துத்திறன் 0.7 டெசிசைமனுக்குக் கீழே இருந்தால் எந்தப் பயிருக்கும் கவலையில்லை. 0.7 முதல் 3 வரை பயிரைத் தேர்ந்தெடுத்துப் பாய்ச்ச வேண்டும். 3-க்கு மேல் கடுமையான கட்டுப்பாடு வேண்டும். முன்பு சொன்ன 2,100 மில்லிகிராம் என்பது ஏறத்தாழ 3.3 டெசிசைமன்! ஆற்றில் விடலாம் என்பதற்கான வரம்பு வயலில் பாய்ச்சலாம் என்பதற்கான வரம்பு ஆகாது.

மண்ணின் உப்பை விளைச்சல் குறையாமல் தாங்கும் எல்லை பயிருக்குப் பயிர் மாறும். மண் கரைசலில் அளந்த அளவு, டெசிசைமனில்:

பீன்ஸ் 1.0
வெங்காயம் 1.2
மக்காச்சோளம், கரும்பு 1.7
தக்காளி 2.5
நெல் 3.0
நிலக்கடலை 3.2
சோளம் 6.8
பருத்தி 7.7

சின்ன வெங்காயம் போட்டுப் பழகிய நிலத்தில் சோளத்தட்டுக்கு மாறுவது வருமானத்தில் பெரிய இறக்கம்தான். ஆனாலும் விதைவெங்காயத்தை இழப்பதைவிட, நீரின் எண்ணைப் பார்த்துப் பயிரை முடிவு செய்வது நட்டத்தைக் குறைக்கும்.

மண்ணில் உப்பு மட்டும் ஏறியிருந்தால், நல்ல மழைநீரைத் தேக்கி உப்பை வேருக்குக் கீழே இறக்குவதே மருந்து. வரப்பை உயர்த்தி, நிலத்தைச் சமன்செய்து, வடிகால் வெட்டி வைத்தால் ஒவ்வொரு பெருமழையும் ஒரு கழுவல். சோடியம் களிமண்ணில் ஒட்டி, நீர் இறங்காமல் நிலம் மூடிக்கொண்டால், அமில கார நிலை 8.5-க்கு மேல் போயிருந்தால், ஜிப்சம் தேவைப்படும். எவ்வளவு என்பதை ஆய்வகம் சொல்லும். பக்கத்துத் தோட்டத்து அளவை எடுக்கக் கூடாது. ஜிப்சத்தைச் சீராகத் தூவி, மேலாக உழுது, நல்ல நீர் கட்டி, இரண்டு மூன்று நாளில் வடித்துவிட வேண்டும். வடிக்காவிட்டால் செலவு வீண். பிறகு தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் தறுவாயில் மடக்கி உழுதால் மண் இளகும்.

ஆற்றோரத்தில் கேட்கப்படும் மூன்று கேள்விகள்

சொட்டுநீர்க் குழாயில் ஹைட்ரோசைக்ளோன் ஃபில்டர் வைத்தால் உப்பு குறையுமா?

குறையாது. கூம்பு வடிவ ஹைட்ரோசைக்ளோன், நீரைச் சுழற்றி மணலைக் கீழே தள்ளுகிறது. கிளாரிஃபயரின் வேலையைச் சிறிய இடத்தில் வேகமாகச் செய்யும் கருவி அது. டிரிப்பர் அடைக்காமல் காக்கும். கரைந்த உப்பு அப்படியே தாண்டிப் போகும். காந்தம் வைத்த குழாய், படிகாரம் போடுவது ஆகியவற்றாலும் உப்பு நீங்காது.

ஆலைக்காரர் சேற்றை இலவசமாக இறக்கித் தருகிறார், வாங்கலாமா?

எந்த ஆலை, எந்தக் கருவியிலிருந்து வந்த சேறு என்று கேளுங்கள். சர்க்கரை ஆலைப் பிரஸ் மட் என்றால் மக்கவைத்துப் போடலாம். சாயம், தோல், முலாம் பூசும் ஆலைகளின் சேறு என்றால் ஒரு கூடைகூட வேண்டாம். இறக்கியது தெரியவந்தால் பொறுப்பு நிலத்துக்காரர் தலையிலும் விழும். ஒரு முறை மண்ணில் கலந்த குரோமியத்தை உழுது எடுக்க முடியாது.

சுத்திகரித்த நீர் என்று கொடுத்தால் பாய்ச்சலாமா?

நீர் தெளிவாக இருப்பதை ஆதாரமாக எடுக்கக் கூடாது. மின்கடத்துத்திறன், சோடியம் விகிதம் இரண்டையும் எழுத்தில் கேட்டு, அதே நீரைச் சொந்தச் செலவில் ஒரு முறை பரிசோதித்துப் பார்த்த பிறகு முடிவு செய்யலாம். மாதம் ஒரு முறை பார்க்க வழியில்லை என்றால் மறுப்பதே நல்லது.

ஆறு சேரும் இடம்

கரூர் மாவட்டத்து நொய்யலில் ஆறு காவிரியோடு கலக்குமிடத்தில் எதிர்க்கரை அகலமாகத் தெரியும். மழை பெய்த ஆண்டில் இரண்டு நீரும் கலங்கல்தான். அதில் வருவது மலை வண்டலா, பட்டறைச் சேறா, கரைந்த உப்பு எவ்வளவு என்பதைப் பார்த்துச் சொல்ல முடியாது. காவிரியில் கலந்த பிறகு அந்த நீர் டெல்டா வரை போகிறது.

நொய்யல் கரையில் வழக்குப் போட்டவர்கள் முதலில் கையில் எடுத்தது கிணற்று நீரின் பரிசோதனைச் சீட்டைத்தான். இன்றும் ஆலையோரக் கிராமங்கள் ஒவ்வொன்றிலும் கிணற்றுக்கு ஒரு நோட்டு வைத்து, ஆண்டுக்கு இரண்டு எண்ணாவது எழுதிவருவது அவசியம். இந்தக் கோடைக்கான எண்ணை மே மாதத்துக்குள் எழுதிவிட வேண்டும்.